"கன்ஃபார்ம் டீச்சர்" என்று சொல்லும் என் பிள்ளைகளுக்கு

இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் படிக்காமலே லைக் போட்டுவிட்டு ஓடாமல், ஞாயிற்றுக்கிழமை வந்து நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என்பிஏ கூடைப்பந்து பற்றி நான் நாலு வரி போட்டதற்கு வந்த கமெண்ட்டுகளைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறீர்கள். ஒரு கட்சி, "டீச்சர், இப்பல்லாம் ரேட்டிங்க வெச்சே எந்த டீம் ஜெயிக்கும்னு கம்ப்யூட்டர் சொல்லிடுது, கன்ஃபார்ம்" என்கிறது. இன்னொரு கட்சி, "அத்தை, அதெல்லாம் டுபாக்கூர். 80 பர்சென்ட்னு சொன்ன டீமே தோத்துப் போச்சு" என்கிறது. இந்த இரண்டு கட்சியிலும் என்னிடம் ஏழாம் வகுப்பில் கணக்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வந்த கோபம் அதனால்தான்.

இந்த வயதில் உங்களுக்கு எதற்கு கூடைப்பந்து என்று கேட்கும் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. மகள் வீட்டுக்கு நியூஜெர்சி போயிருந்தபோது பேரனோடு சேர்ந்து பார்த்துப் பழகியது. ஊர் திரும்பியும் விடவில்லை. அங்கே ராத்திரி 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை ஐந்தரை. முப்பத்தைந்து வருடம் அந்த நேரத்துக்கு எழுந்து சமைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன உடம்பு, இப்போது ஆட்டம் பார்க்கிறது. யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

சரி, பாடத்துக்கு வருவோம்.

ரேட்டிங் என்றால் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு சதுரங்கத்தில்தான் பழக்கம். ஆனந்த் 2800-ஐத் தாண்டினார் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். அதற்கு எலோ ரேட்டிங் என்று பெயர். பலர் இதை ஏதோ மூன்று வார்த்தைகளின் முதலெழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது ஒரு மனிதரின் பெயர். ஆர்பாத் எலோ. 1903-இல் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்கா போனவர். மில்வாக்கி நகரில் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் வாத்தியார். இவர் முறையை 1960-இல் அமெரிக்க சதுரங்கக் கூட்டமைப்பும், 1970-இல் உலக சதுரங்கக் கூட்டமைப்பும் எடுத்துக்கொண்டன. ஒரு வாத்தியார் கண்டுபிடித்த கணக்கு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

கணக்கு எளிமையானது. ஒவ்வோர் அணிக்கும் ஓர் எண். இரண்டு அணியின் எண்ணும் சமமாக இருந்தால் வெற்றி வாய்ப்பு ஆளுக்குப் பாதி. 100 புள்ளி அதிகம் இருந்தால் 64 சதவீதம். 200 அதிகம் என்றால் 76. 400 அதிகம் இருந்தால்கூட 91தான். 91-க்கும் 100-க்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பதினொரு ஆட்டத்தில் ஒன்றில் அந்தச் சோப்ளாங்கி அணி ஜெயிக்கும் என்று கணக்கே ஒப்புக்கொள்கிறது.

ஆட்டம் முடிந்ததும் எண்ணைத் திருத்துவார்கள். அமெரிக்காவில் ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற புள்ளிவிவரத் தளம் என்பிஏவுக்கு இந்தக் கணக்கைப் போட்டு வந்தது. 2025 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். அவர்கள் ஓர் ஆட்டத்துக்கு 20 என்று வைத்துத் திருத்தினார்கள். 64 சதவீத வாய்ப்புள்ள அணி ஜெயித்தால் மிச்சமிருக்கும் 36 சதவீதத்தை 20-ஆல் பெருக்குங்கள்: 7.2 புள்ளி ஏறும். எதிராளி ஜெயித்துவிட்டால் அவனுக்கு 12.8 ஏறும். ஜெயிக்க வேண்டியவன் ஜெயித்தால் சின்னப் பரிசு, எதிர்பாராதவன் ஜெயித்தால் பெரிய பரிசு. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். சொந்த ஊரில் ஆடும் அணிக்கு 100 புள்ளி கூடுதல் கொடுத்தார்கள். அவ்வளவுதான் விஷயம். ஜோசியமும் கிடையாது, மந்திரமும் கிடையாது. நடந்ததைப் பதிவு செய்யும் மார்க் ஷீட்.

மார்க் ஷீட் என்று தெரிந்துதான் சொல்கிறேன். காலாண்டிலும் அரையாண்டிலும் 90 வாங்கிய பிள்ளை முழுப் பரீட்சையிலும் நன்றாக எழுதும் என்று நான் எதிர்பார்ப்பேன். அந்த எதிர்பார்ப்பு பெரும்பாலும் பலிக்கும். ஆனால் பரீட்சைக்கு முதல் நாள் அந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது என்பது மார்க் ஷீட்டுக்குத் தெரியாது.

இப்போது முதல் கட்சிக்காரர்களே, உங்கள் "கன்ஃபார்ம்" எங்கே நிற்கிறது என்று பார்ப்போம்.

சதுரங்கத்தில் ரேட்டிங் ஒரு ஆளுக்கு. இன்றைக்கும் நாளைக்கும் அதே ஆள், அதே மூளை. கூடைப்பந்தில் ரேட்டிங் ஒரு பெயர்ப்பலகைக்கு. பலகைக்குப் பின்னால் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கிளீவ்லேண்ட் அணி 2009-10 சீசனில் 82 ஆட்டங்களில் 61-ஐ ஜெயித்தது. அந்தக் கோடையில் லெப்ரான் ஜேம்ஸ் மயாமிக்குப் போனார். அடுத்த சீசனில் அதே கிளீவ்லேண்ட் ஜெயித்தது 19. நடுவில் தொடர்ச்சியாக 26 தோல்வி. ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் ரேட்டிங்கை நாலில் ஒரு பங்கு சராசரிப் பக்கம் இழுத்துவிடுவது அந்தத் தளத்தின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் வீட்டின் நடுத்தூணைப் பிடுங்கிக்கொண்டு போனவனுக்கு அந்த நாலில் ஒரு பங்கு எப்படி ஈடாகும்? தோற்றுத் தோற்றுத்தான் எண் இறங்கும். அதுவரை மார்க் ஷீட் பழைய பெருமையையே பேசிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. 2012 நவம்பரில் சான் அன்டோனியோ அணியின் பயிற்சியாளர் கிரெக் போபோவிச், மயாமியோடு ஆட்டம் இருந்த அன்றைக்கே டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் நாலு பேரையும் ஓய்வெடுங்கள் என்று ஊருக்கு அனுப்பிவிட்டார். நாடு முழுக்க டிவியில் காட்டும் ஆட்டம். லீக் நிர்வாகம் 2,50,000 டாலர் அபராதம் போட்டது. மிச்சமிருந்த பையன்கள் 105-100 என்று ஐந்தே புள்ளியில் தோற்றார்கள். ரேட்டிங்கைப் பொறுத்தவரை அன்று ஆடியது முழு சான் அன்டோனியோ. காலையில் எண்ணைப் பார்த்து "கன்ஃபார்ம்" என்று உட்கார்ந்தவனுக்கு சாயங்காலம் யார் விமானம் ஏறினார்கள் என்று தெரியுமா?

இதைவிட மோசம், ஜெயிக்கவே விரும்பாத அணி. கடைசி இடங்களில் இருக்கும் அணிகளுக்குப் புது ஆட்டக்காரர்களை எடுப்பதில் முன்னுரிமை என்பதால், சீசன் முடிவில் வேண்டுமென்றே தோற்பவர்கள் உண்டு. 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதலிட வாய்ப்பு ஆளுக்கு 14 சதவீதம் என்று சமமாக்கினார்கள், தோற்பதில் போட்டி வேண்டாம் என்பதற்காக. அதற்குப் பிறகும் 2023 ஏப்ரலில் டல்லாஸ் அணி சிகாகோவுடன் ஆடிய ஆட்டத்தில் முக்கிய ஆட்களை உட்கார வைத்ததற்கு 7,50,000 டாலர் அபராதம் கட்டியது. ஒருவன் எவ்வளவு திறமைசாலி என்று ரேட்டிங் அளக்கலாம். அவனுக்கு இன்றைக்கு ஜெயிக்க மனசு இருக்கிறதா என்பதை எந்த எண் அளக்கும்?

சொந்த ஊர் சாதகம் என்று 100 புள்ளி கொடுத்தார்கள் இல்லையா? அதன் பொருள், சம பலமுள்ள இரண்டு அணிகளில் சொந்த ஊரில் ஆடுபவன் 64 சதவீதம் ஜெயிப்பான் என்பது. பழைய காலத்துக்கு அது பொருந்தியது. 2020-இல் கொரோனாவுக்காக ஆர்லாண்டோவில் 22 அணிகளை ஒரே வளாகத்தில் அடைத்து ஆட வைத்தபோது சொந்த ஊர் என்பதே கிடையாது. அதற்குப் பிறகு வந்த சீசன்களிலும் சொந்த ஊர் வெற்றி 60 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு கணக்குப் போடுபவன் பழைய பஞ்சாங்கத்தில் முகூர்த்தம் பார்ப்பவன் மாதிரிதான்.

இதையெல்லாம் சொன்னதும் இரண்டாவது கட்சி "பார்த்தீங்களா, நாங்க சொன்னோம்ல" என்று கை தட்டுவது கேட்கிறது. உட்காருங்கள். உங்களுக்கும் இருக்கிறது.

நீங்கள் எடுத்துக்காட்டுவது 2022 இறுதித் தொடர். பாஸ்டனுக்கு 80 சதவீதம் என்று அந்தத் தளம் சொன்னது. கோல்டன் ஸ்டேட் 4-2 என்று ஜெயித்து, ஸ்டீபன் கரி சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். உடனே கணக்கே பொய் என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். 80 சதவீதம் என்றால் என்ன? ஐந்தில் நாலு. அப்படியானால் ஐந்தாவது எங்கே போனது? பெட்டிக்குள் நாலு சிவப்புக் கோலி, ஒரு நீலக் கோலி போட்டு உங்களை எடுக்க வைத்திருக்கிறேன். நீலம் வந்ததும் "டீச்சர் ஏமாத்திட்டாங்க" என்று எவனாவது அழுதானா? ஒரு தடவை நீலம் வந்ததை வைத்து பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. 80 என்று சொன்ன நூறு தொடர்களை எடுத்து, அதில் 80-ஐ ஒட்டி ஜெயித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 50தான் ஜெயித்திருந்தால் கணக்குப் பொய். 98 ஜெயித்திருந்தாலும் பொய்தான், அதையும் நினைவில் வையுங்கள்.

ஏழு ஆட்டத் தொடர் என்றால் பெரிய அணிதான் ஜெயிக்கும் என்பதும் அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கை. ஓர் ஆட்டத்தில் 60 சதவீத வாய்ப்புள்ள அணி, முதலில் நாலு ஜெயிக்க வேண்டிய தொடரை வெல்லும் வாய்ப்பு 71 சதவீதம். பத்துத் தொடரில் மூன்று கைவிட்டுப் போகும். 2015-16-இல் 73 ஆட்டங்கள் ஜெயித்து என்பிஏ வரலாற்றிலேயே சாதனை படைத்த அதே கோல்டன் ஸ்டேட், இறுதித் தொடரில் 3-1 என்று முன்னால் இருந்துவிட்டு கிளீவ்லேண்டிடம் கோப்பையைக் கொடுக்கவில்லையா? நடுவில் ஐந்தாவது ஆட்டத்தில் டிரேமண்ட் கிரீனுக்குத் தடை. கடைசி ஆட்டம் 93-89. வெறும் நாலு புள்ளி.

2022 விஷயத்தில் அந்தக் கணக்கின் மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. ஆனால் அது நீங்கள் சொல்லும் குறை அல்ல. கோல்டன் ஸ்டேட்டின் மூன்று தூண்கள் கரி, தாம்ப்சன், கிரீன். தாம்ப்சன் இரண்டரை வருடக் காயத்துக்குப் பிறகு 2022 ஜனவரி 9-இல் திரும்பினார். அன்றைக்கே கிரீனுக்குக் காலில் பிரச்சினை. சும்மா மரியாதைக்குக் களத்தில் நின்றுவிட்டு வெளியேறினார். அவர் மார்ச் 14-இல் திரும்ப, இரண்டே நாளில், அதுவும் பாஸ்டனோடு நடந்த ஆட்டத்தில், கரிக்குக் காலில் அடி. ஆக பிளேஆஃபுக்கு முந்தைய சீசன் முழுக்க மூன்று பேரும் சேர்ந்து ஆடிய நேரம் சில நிமிடங்கள். அந்த மூவரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கான விடைத்தாள் பிளேஆஃபுக்கு முந்தைய கணக்கில் கிட்டத்தட்ட வெற்றுத்தாள். தாளில் இல்லாததற்குக் கணக்கு எப்படி மார்க் போடும்? இப்படிக் காரணம் தேடிக் குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். "தோத்துப் போச்சு, அதனால டுபாக்கூர்" என்பது குறை சொல்வது ஆகாது, சோம்பேறித்தனம்.

ஒரு கணிப்பு நல்லதா கெட்டதா என்று மார்க் போடவும் வழி இருக்கிறது. 1950-இல் கிளென் பிரையர் என்ற வானிலைக்காரர் கொடுத்த வழி. மழை பெய்ய 80 சதவீதம் என்பதை எப்படி மதிப்பிடுவது என்பது அவருடைய கவலை. நீ சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கம் செய். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. 0.8 என்று சொல்லி ஜெயித்தால் தண்டனை 0.04. தோற்றால் 0.64. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடு. யாருக்குக் குறைவோ அவன் கெட்டிக்காரன். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு.

இப்போது வேடிக்கை பாருங்கள். என்பிஏவில் நல்ல ரேட்டிங் முறைகள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஆட்டங்களில் ஜெயிப்பவரைச் சரியாகச் சொல்கின்றன. நூற்றுக்கு 67 என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் "கன்ஃபார்ம்", அதாவது 1, என்று சொல்கிறான். 67-இல் தண்டனை இல்லை, 33-இல் முழுத் தண்டனை. சராசரி 0.33. இன்னொருவன் எதுவுமே தெரியாதவன், எல்லா ஆட்டத்துக்கும் பாதிக்குப் பாதி என்கிறான். அவனுடைய சராசரி 0.25. ஒன்றுமே தெரியாது என்று ஒப்புக்கொண்டவன், 67 சரியாகச் சொன்னவனை ஜெயித்துவிட்டான்! அதே 67 சரியாகச் சொன்னவன் பணிவோடு "67 சதவீதம்" என்று சொல்லியிருந்தால் 0.22 வாங்கி இருவரையும் முந்தியிருப்பான். வாய்க்கொழுப்புக்குக் கணக்கில் இவ்வளவு பெரிய அபராதம் இருக்கிறது.

இனி நான் உண்மையில் எதற்காக இவ்வளவு எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

நம் பிள்ளைகளில் ஒருவன் அமெரிக்காவில் இருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன். படித்துக்கொண்டிருந்தால் அவனுக்கே தெரியும். அங்கே 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்கக் கூடாது என்றிருந்த சட்டத்தை ரத்து செய்துவிட்டது. நியூஜெர்சியில் அடுத்த மாதமே கடை திறந்தார்கள். இவன் மாதாமாதம் பணம் கட்டி ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறான். அவர்கள் "எங்கள் ரேட்டிங் 67 சதவீதம் சரி" என்று விளம்பரம் செய்கிறார்கள். என்னிடம், "டீச்சர், கணக்குப்படி 52.4 சதவீதத்துக்கு மேல போனா லாபம்தானே?" என்று கேட்டான்.

அந்த 52.4 எங்கிருந்து வந்தது என்று தெரியும். 110 டாலர் கட்டினால் 100 லாபம் என்ற பந்தயத்தில், 110-ஐ 210-ஆல் வகுத்தால் வருவது. ஆனால் கண்ணா, அந்தப் பந்தயம் யார் ஜெயிப்பார் என்பதற்கு அல்ல. பலமான அணி இத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்குமா என்பதற்கு. அந்த வித்தியாசத்தைக் குறிப்பவனும் இதே ரேட்டிங்கைப் பார்த்துத்தான் குறிக்கிறான். உன்னைவிட நல்ல ரேட்டிங், அதோடு யாருக்குக் காலில் வலி என்ற செய்தியும் அவன் கையில். யார் ஜெயிப்பார் என்று மட்டும் கட்டினால் விலையே வேறு. பலமான அணிக்கு 300 கட்டினால்தான் 100 கிடைக்கும் என்று வை. நூறு ஆட்டம் கட்டு. 67 சரி: 6,700 வரவு. 33 தவறு: 9,900 செலவு. 67 சதவீதம் சரியாகச் சொல்லியும் 3,200 டாலர் போய்விட்டது. எத்தனை சரி என்பதை மட்டும் சொல்லி விலையை மறைப்பவன், கிலோ கணக்கைச் சொல்லாமல் "பத்து ரூபாய், பத்து ரூபாய்" என்று கூவுகிறவன்.

"அவங்க அனுப்புன அஞ்சு டிப்ஸும் பலிச்சுது டீச்சர்" என்கிறான். 1,024 பேருக்கு மெசேஜ் போகிறது என்று வை. பாதிப் பேருக்கு இந்த அணி, பாதிப் பேருக்கு அந்த அணி. ஆட்டம் முடிந்ததும் தோற்ற பக்கத்தை விட்டுவிடு. மிச்சம் 512. அதிலும் அதே மாதிரி. 256, 128, 64, 32. ஐந்து ஆட்டம் முடிந்ததும் 32 பேர் "இவன் தெய்வம்டா" என்று கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அனுப்பியவனுக்குப் பந்து உருண்டையா சதுரமா என்றுகூடத் தெரிய வேண்டாம். உன் குழு இப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. ஐந்து பலித்ததை வைத்து, செய்யவில்லை என்று உன்னால் சொல்ல முடியாது என்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே, ஆட்டக்காரனே விலைபோனால்? டொராண்டோ அணியில் ஆடிய ஜான்டே போர்ட்டர், தன் உடல்நிலை பற்றிய செய்தியைப் பந்தயக்காரர்களுக்குக் கொடுத்ததற்கும், பந்தயத்துக்காகவே ஆட்டத்தின் பாதியில் வெளியேறியதற்கும் 2024 ஏப்ரலில் ஆயுள் தடை வாங்கினார். இதை எந்த ரேட்டிங்கில் சேர்ப்பது?

இங்கே இருப்பவர்கள் நமக்கென்ன என்று சும்மா இருக்க வேண்டாம். ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததும், 2025-இல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்ததும் சும்மா இல்லை. எத்தனை வீட்டில் என்ன நடந்தது என்று பேப்பர் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆப்பைத் தடை செய்யலாம். "கணக்குப்படி கன்ஃபார்ம்" என்று போனில் வரும் மெசேஜைச் சட்டம் எத்தனை இடத்தில் போய்ப் பிடிக்கும்?

ரேட்டிங்கை ரசியுங்கள். நான் ரசிக்கிறேன். பேரனும் நானும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் ஆளுக்கொரு சதவீதம் எழுதி வைத்துக்கொள்வோம், மாதக் கடைசியில் பிரையர் கணக்குப் போடுவோம். தோற்றவர் வீடியோ காலில் ஒரு பாட்டுப் பாட வேண்டும். பணம் காசு கிடையாது.

நியூஜெர்சிப் பையனுக்கு ஒரு வீட்டுப்பாடம். உன் குழுக்காரனிடம் கேள்: கடந்த நூறு ஆட்டங்களுக்கு, ஆட்டத்துக்கு முன்பே எழுதிய சதவீதமும், அன்றைய பந்தய விலையும், நடந்த முடிவும் கொண்ட பட்டியல் வேண்டும் என்று. பட்டியல் வந்தால் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து திருத்தித் தருகிறேன். வராவிட்டால் அடுத்த மாதச் சந்தாவைக் கட்டாதே. உன் அம்மாவிடம் இன்னும் நான் எதுவும் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் போன் பண்ணு.